லூயிஸ் ஹாமில்டன்: கார்ட் தடத்திலிருந்து ஃபார்முலா 1 வரை

லூயிஸ் கார்ல் டேவிட்சன் ஹாமில்டன் (பிறப்பு: 7 ஜனவரி 1985) இங்கிலாந்தைச் சேர்ந்த கார் பந்தய ஓட்டுநர். ஃபார்முலா 1 உலக சாம்பியன் பட்டத்தை ஏழு முறை (2008, 2014, 2015, 2017, 2018, 2019, 2020) வென்றவர். ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர் ஒருவர் மட்டுமே இத்தனை முறை இப்பட்டத்தைப் பெற்றுள்ளார். ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் கறுப்பின ஓட்டுநரும் இவரே. எட்டு வயதில் கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டியில் தொடங்கிய ஹாமில்டன், 22 வயதில் ஃபார்முலா 1 தடத்தில் இறங்கினார். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அவர் ஏறிய படிகளையும், ஒவ்வொரு படிக்கும் ஆன செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் இக்கட்டுரை முதன்மையாகக் கூறுகிறது. கார் பந்தயத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

குடும்பம்

லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஸ்டீவனேஜ் நகரில் ஹாமில்டன் பிறந்தார். தந்தை அந்தோணி ஹாமில்டனின் பெற்றோர் கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து 1950களில் இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள். தாத்தா லண்டன் சுரங்க ரயிலில் வேலை பார்த்தார். தாய் கார்மென் வெள்ளையினத்தவர். அமெரிக்க ஓட்டப்பந்தய வீரர் கார்ல் லூயிஸின் நினைவாகவே குழந்தைக்கு லூயிஸ் கார்ல் என்று பெயரிட்டனர்.

ஹாமில்டனுக்கு இரண்டு வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். பன்னிரண்டு வயது வரை தாயிடமும், பிறகு தந்தை, சிற்றன்னை லிண்டா, தம்பி நிக்கோலஸ் ஆகியோருடனும் வளர்ந்தார். பெருமூளை வாதத்துடன் பிறந்த நிக்கோலஸும் பின்னாளில் கார் பந்தய ஓட்டுநரானார். பள்ளியில் மற்ற பிள்ளைகளின் தொல்லைக்கு ஆளானதால் ஹாமில்டன் ஐந்து வயதிலேயே கராத்தே கற்கத் தொடங்கினார்.

அதே வயதில்தான் தந்தை அவருக்கு வானொலி அலையால் இயங்கும் பொம்மைக் கார் ஒன்றை வாங்கித் தந்தார். பொம்மை என்றாலும் இங்கிலாந்தில் அதற்குத் தேசிய அளவில் போட்டிகள் உண்டு. மறு ஆண்டே பெரியவர்களோடு போட்டியிட்டு அவர் இரண்டாம் இடம் பெற்றார். மகனின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் விதம் தந்தையின் கவனத்தில் பதிந்தது. ஆறாம் வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு கார்ட் வண்டி வீட்டுக்கு வந்தது. பள்ளிப் படிப்பில் குறை வைக்காத வரை பந்தயத்துக்குத் துணை நிற்பதாகத் தந்தை வாக்களித்தார்.

கார்ட் வண்டி

கார்ட்டைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்டும் விளையாட்டு வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட்டை உருவாக்கினார். அதன் பிறகு அது உலகெங்கும் பரவி, பந்தய ஓட்டுநர்களின் தொடக்கப் பள்ளியாகவே ஆகிவிட்டது. பிரேசிலின் அயர்டன் சென்னா, பிரான்சின் அலைன் பிராஸ்ட், ஷூமாக்கர் ஆகிய அனைவரும் அங்கிருந்து வந்தவர்களே. உலக கார்ட் சாம்பியன் போட்டியில் 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளும் சென்னா இரண்டாம் இடமே பெற்றார்.

வண்டியின் அமைப்பு மிக எளிது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டகம், சிறிய எஞ்சின், நான்கு சின்னஞ்சிறு சக்கரங்கள். அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் கிடையாது. ஓட்டுநர் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் அமர்ந்திருப்பார். சாதாரணக் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் உருள வேண்டும். அதற்காக டிஃபரென்ஷியல் என்ற கியர் அமைப்பு உண்டு. கார்ட்டில் அதுவும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு மெல்ல எழும்பினால்தான் வண்டி திரும்பும். சட்டகம் வளைந்து கொடுப்பதையும் உடலின் எடை சாய்வதையும் கொண்டு ஓட்டுநர் அதைச் சாதிக்க வேண்டும். சிறுவர் பிரிவு வண்டியில் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. கொஞ்சம் பிசகி அழுத்தினால் வண்டி பம்பரமாகச் சுழலும். எட்டு வயதில் இதையெல்லாம் உடம்பால் கற்றவர், பின்னாளில் பெரிய காரில் அமரும்போது அதன் பின்பகுதி வழுக்கத் தொடங்கும் கணத்தை இடுப்பிலேயே உணர்ந்துவிடுவார்.

ரை ஹவுஸ் தடம்

1993ஆம் ஆண்டு, எட்டு வயதில், ஹெர்ட்ஃபர்ட்ஷயரிலேயே உள்ள ரை ஹவுஸ் கார்ட் தடத்தில் ஹாமில்டன் போட்டியிடத் தொடங்கினார். அந்தோணிக்குப் பந்தய அனுபவம் எதுவும் இல்லை. மற்ற சிறுவர்களுடன் வந்தவர்கள் புதிய வண்டியும் தனி மெக்கானிக்கும் கொண்டு வந்தார்கள். ஹாமில்டனின் வண்டியோ பலர் கை மாறியது; அதைப் பழுது பார்த்தவர் தந்தையே. கூட்டத்தில் மகனை எளிதாக அடையாளம் காண மஞ்சள் நிறத் தலைக்கவசம் அணிவித்தார். பல ஆண்டுகளுக்கு அந்த மஞ்சள் நிறமே ஹாமில்டனின் அடையாளமாக இருந்தது.

அந்தோணி கையாண்ட ஒரு முறை குறிப்பிடத்தக்கது. தடத்தில் மிக வேகமான சிறுவன் எந்த இடத்தில் பிரேக் அழுத்துகிறான் என்று கவனிப்பார். பிறகு வளைவுக்கு இன்னும் சில மீட்டர் நெருக்கமாகப் போய் நின்றுகொண்டு, இங்கே வந்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்று மகனிடம் சொல்வார். தொடக்கத்தில் வண்டி சுழன்று தடத்தை விட்டு வெளியே போகும். மீண்டும் மீண்டும் முயன்றதில் ஒரு நாள் சுழலாமல் திரும்பியது. எல்லோரையும்விடத் தாமதமாக பிரேக் அழுத்தி முந்துவது இன்றுவரை ஹாமில்டனின் தனி முத்திரையாகக் கருதப்படுகிறது. அது ஒரு கத்துக்குட்டித் தந்தை கண்டுபிடித்த பாடம்.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா தடத்தில் சென்னா விபத்தில் இறந்தார். ஒன்பது வயது ஹாமில்டன் அன்று ரை ஹவுஸில் இருந்தார். சென்னாவே அவருடைய ஆதர்சம். தந்தை முன்னால் அழக் கூச்சப்பட்டு, வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி அழுததாக ஹாமில்டன் பின்னாளில் கூறியுள்ளார்.

நான்கு வேலைகள்

கார்ட் பந்தயத்தில் வண்டி வாங்குவது செலவின் தொடக்கம் மட்டுமே. டயர் சில பந்தயங்களிலேயே பிடிமானத்தை இழந்துவிடும். புது டயர் போட்டவருக்கும் பழைய டயரில் ஓடுபவருக்கும் ஒரு சுற்றில் நொடியின் சிறு பகுதிதான் வேறுபாடு. ஆனால் வெற்றி தோல்வியை அந்தச் சிறு பகுதியே தீர்மானிக்கிறது. எஞ்சினை அவ்வப்போது பிரித்துச் சீரமைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், வார இறுதி தோறும் நாட்டின் வெவ்வேறு மூலைகளுக்குப் பயணம், விபத்தில் வளைந்த சட்டகம் என்று பட்டியல் நீளும்.

கணினித் துறையில் மேலாளராக இருந்த அந்தோணி, விருப்ப ஓய்வு பெற்று ஒப்பந்த முறையில் பணியாற்றத் தொடங்கினார். மகனின் பந்தயங்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். வருமானம் போதாதபோது ஒரே சமயத்தில் நான்கு வேலைகள் வரை பார்த்தார். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் விற்றார், பாத்திரம் கழுவினார், வீடு விற்பனைக்கு என்ற பலகைகளைத் தெருத் தெருவாக நட்டார்.

1995இல் பத்து வயதில் ஹாமில்டன் பிரிட்டனின் சிறுவர் பிரிவு கார்ட் சாம்பியன் ஆனார். அந்த வயதில் அப்பட்டத்தைப் பெற்றவர் அதுவரை எவரும் இல்லை.

ரான் டென்னிஸ்

அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனில் நடந்த ஆட்டோஸ்போர்ட் விருது விழாவுக்கு ஹாமில்டன் அழைக்கப்பட்டார். அங்கே மெக்லாரன் அணியின் தலைவர் ரான் டென்னிஸிடம் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டி, ஒரு நாள் உங்கள் அணிக்காக ஓட்ட வேண்டும் என்று சொன்னார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அழைக்கும்படியும் அப்போது ஏற்பாடு செய்யலாம் என்றும் டென்னிஸ் அந்தப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சி எண்ணற்ற முறை எடுத்துச் சொல்லப்பட்டு, ஏறத்தாழ ஒரு தேவதைக் கதையாகவே மாறிவிட்டது. பத்து வயதுச் சிறுவனின் துணிச்சல் பாராட்டத்தக்கதுதான். ஆனால் டென்னிஸ் அன்று எழுதியது ஒரு கையெழுத்து, ஒப்பந்தம் அன்று. அடுத்த மூன்று ஆண்டுகளும் பணத்துக்கு அந்தோணியே ஓடினார். மகன் மேலும் பட்டங்களை வென்ற பிறகு, 1998இல், டென்னிஸே தொலைபேசியில் அழைத்தார். மெக்லாரனும் மெர்சிடஸ்-பென்ஸும் சேர்ந்து நடத்திய இளம் ஓட்டுநர் ஆதரவுத் திட்டத்தில் 13 வயது ஹாமில்டன் சேர்ந்தார். பின்னாளில் ஃபார்முலா 1 அணியில் இடம் தரும் வாய்ப்பும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அவ்வளவு இளம் வயதில் இப்படி ஓர் ஒப்பந்தம் பெற்று, அதன் வழியாகவே ஃபார்முலா 1 வரை சென்றவர் அதற்கு முன் கிடையாது. குடும்பத்தின் பணக் கவலை அத்துடன் பெருமளவு நீங்கியது. அதற்குப் பதிலாக, தோற்றால் ஒப்பந்தம் போகும் என்ற புதிய கவலை வந்தது.

2000ஆம் ஆண்டு ஹாமில்டன் ஃபார்முலா ஏ பிரிவில், பெறக்கூடிய அத்தனை புள்ளிகளையும் பெற்று ஐரோப்பிய கார்ட் சாம்பியன் ஆனார். அந்த அணியில் அவருடைய தோழர் நிக்கோ ரோஸ்பெர்க். அவர் 1982ஆம் ஆண்டு உலக சாம்பியன் கெக்கே ரோஸ்பெர்க்கின் மகன்; செல்வந்தர்கள் வாழும் மொனாக்கோவில் வளர்ந்தவர். பயணங்களில் ஒரே அறையில் தங்கி, பீட்சா சாப்பிடுவதில்கூடப் போட்டி போட்ட இந்த இரு நண்பர்களும் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு உலக சாம்பியன் பட்டத்துக்காக மோதிக்கொள்ள நேர்ந்தது.

காருக்கு மாறுதல்

கார்ட்டிலிருந்து ஃபார்முலா 1 வரை பல படிகள் உண்டு. ஹாமில்டனின் காலத்தில் அவை ஃபார்முலா ரெனோ, ஃபார்முலா 3, ஜிபி2 என்ற வரிசையில் அமைந்திருந்தன. ஒவ்வொரு படியிலும் எஞ்சினின் ஆற்றலும் காற்றழுத்தத்தால் கார் தரையைப் பற்றும் திறனும் கூடும். செலவும் பல மடங்காகும். கார்ட்டில் வென்றவர்கள் பலர் பணமின்றி நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

2002இல் பிரிட்டன் ஃபார்முலா ரெனோ தொடரில் மேனர் அணிக்காக ஓட்டி மூன்றாம் இடம் பெற்றார். மறு ஆண்டு பத்துப் பந்தயங்களை வென்று சாம்பியன் ஆனார். 2004இல் அதே அணியுடன் ஐரோப்பிய ஃபார்முலா 3 தொடருக்கு உயர்ந்தார். அந்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி. மொத்தத்தில் ஐந்தாம் இடம்.

அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஜிபி2 பிரிவுக்கு உயர வேண்டும் என்பது ஹாமில்டன் தரப்பின் விருப்பம். ஃபார்முலா 3இல் இன்னொரு ஆண்டு இருக்க வேண்டும் என்றது மெக்லாரன். பேச்சு முற்றி, ஒப்பந்தம் முறிந்தது. ஆறு ஆண்டுகளாகச் செலவை ஏற்றுவந்த கை விலகியபோது, 19 வயதில், ஹாமில்டன் மீண்டும் ரை ஹவுஸ் நாள்களின் நிலைக்கே வந்துவிட்டார். வில்லியம்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆர்வம் காட்டியது. ஆனால் அந்த அணிக்கு எஞ்சின் வழங்கிய பிஎம்டபிள்யூ நிறுவனம் அவருக்காகச் செலவிட மறுத்தது. அந்த டிசம்பரில் பஹ்ரைனில் நடந்த ஃபார்முலா 3 போட்டியில் ஹாமில்டன் வெற்றி பெற்றார். சில வாரங்களில் மெக்லாரனுடன் சமரசம் ஏற்பட்டது. அவர் சொன்னபடியன்றி, அணி சொன்னபடியே இன்னொரு ஆண்டு ஃபார்முலா 3 ஓட்டினார்.

அணியின் கணக்கே சரியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். 2005இல் ஏஎஸ்எம் என்ற பிரெஞ்சு அணிக்காக 20 பந்தயங்களில் 15ஐ வென்று அந்தத் தொடரையே தனதாக்கிக்கொண்டார்.

2006இல் ஏஆர்டி அணியுடன் ஜிபி2 பிரிவுக்கு வந்தார். ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் அதே தடத்தில், பெரும்பாலும் அதே வார இறுதியில் ஜிபி2 பந்தயமும் நடக்கும். ஃபார்முலா 1 அணித் தலைவர்கள் எல்லோரும் நேரில் பார்ப்பார்கள். சில்வர்ஸ்டோன் தடத்தின் மிக வேகமான வளைவுத் தொகுதியில் மூன்று கார்கள் பக்கம் பக்கமாகச் செல்ல, ஹாமில்டன் இருவரையும் ஒருசேர முந்தினார். இஸ்தான்புல்லில் கார் சுழன்று கடைசி வரிசைகளுக்குத் தள்ளப்பட்டவர், ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாம் இடத்தில் முடித்தார். பிரேசிலின் நெல்சன் பிக்கே ஜூனியரைப் பின்தள்ளி, முதல் முயற்சியிலேயே சாம்பியன் ஆனார்.

அதே நேரத்தில் மெக்லாரனில் இரு இடங்களும் காலியாயின. ஹுவான் பாப்லோ மொன்டோயா ஆண்டின் நடுவிலேயே விலகினார்; கிமி ரைக்கோனன் ஃபெராரிக்குச் சென்றார். ஒரு இடத்துக்கு இரண்டு முறை உலக சாம்பியனான பெர்னாண்டோ அலோன்சோ ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தார். இன்னொன்று ஹாமில்டனுக்கு என 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

ஒரு புள்ளி

2007 மார்ச் 18 அன்று மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்திலேயே ஹாமில்டன் மூன்றாம் இடம் பெற்றார். தொடர்ந்து ஒன்பது பந்தயங்களில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். புதிதாக வந்த எந்த ஓட்டுநரும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. ஜூன் 10 அன்று கனடாவில் முதல் வெற்றி. மறு வாரமே அமெரிக்காவில் அடுத்தது. அலோன்சோவுடனான உறவு அந்த ஆண்டிலேயே கசந்தது. ஃபெராரியின் தொழில்நுட்ப ஆவணங்கள் தொடர்பான வழக்கில் மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவிலும், இரண்டு பந்தயங்கள் மீதமிருக்கையில், ஹாமில்டன் அலோன்சோவைவிட 12 புள்ளிகளும் ரைக்கோனனைவிட 17 புள்ளிகளும் முன்னிலையில் இருந்தார். ஒரு வெற்றிக்கு அப்போது 10 புள்ளிகள்.

ஷாங்காயில் ஈரத் தடத்துக்கான டயர்களுடன் ஓடிக்கொண்டிருந்தார். தடம் காய்ந்துகொண்டு வர, டயர்கள் உள்ளடுக்கு தெரியுமளவு தேய்ந்தன. மழை திரும்ப வருமோ என்று காத்திருந்த அணி, டயர் மாற்ற அவரை அழைக்கத் தாமதித்தது. கடைசியில் டயர் மாற்றும் பகுதிக்குள் நுழையும் சிறு வளைவில் கார் வழுக்கிச் சரளைக் கற்களில் புதைந்து நின்றது. அடுத்து பிரேசிலில், எட்டாம் சுற்றில் கியர்பாக்ஸ் சில நொடிகள் வேலை செய்யாமல் போக, வரிசையின் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டு ஏழாவதாக முடித்தார். ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109.

2008 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தின்போது, பார்வையாளர் சிலர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்து அவரை இன ரீதியாக இழிவுபடுத்தினர். அந்த ஆண்டு ஜூலையில், கொட்டும் மழையில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தை ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார்.

நவம்பர் 2 அன்று மீண்டும் பிரேசில். ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் போதும். உள்ளூர் நாயகன் ஃபெலிப்பே மாசா முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சில சுற்றுகளில் மழை வந்தது. பெரும்பாலோர் மழை டயருக்கு மாறினர்; டொயோட்டா அணியின் டிமோ குளோக் மாறவில்லை. முடிவதற்குச் சற்று முன் செபாஸ்டியன் வெட்டல் ஹாமில்டனை முந்த, அவர் ஆறாம் இடத்துக்கு இறங்கினார். மாசா வெற்றிக் கோட்டைக் கடந்ததும் அவர் குடும்பத்தினர் பட்டம் கிடைத்துவிட்டதாகத் துள்ளினர். அதே வேளையில், உலர் டயரில் தத்தளித்துக்கொண்டிருந்த குளோக்கைக் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன் கடந்தார். 98 புள்ளிகளுக்கு 97. முந்தைய ஆண்டு ஒரு புள்ளியில் இழந்த பட்டத்தை இம்முறை ஒரு புள்ளியில் பெற்றார். அப்போது 23 வயதும் 300 நாள்களும் ஆகியிருந்த அவரே அதுவரையிலான மிக இளைய உலக சாம்பியன்.

பிற்காலம்

தொடக்கம் முதலே மகனின் மேலாளராகவும் இருந்த அந்தோணி, 2010 மார்ச்சில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். சில காலம் இருவருக்கும் இடையே மனத்தாங்கல் இருந்தது. பின்னர் அது தீர்ந்தது. 2013இல் ஹாமில்டன் மெர்சிடஸ் அணிக்கு மாறி, அங்கே ஆறு பட்டங்கள் வென்றார். இடையில் 2016ஆம் ஆண்டுப் பட்டத்தை ஐந்து புள்ளிகள் வேறுபாட்டில் தட்டிச் சென்றவர் பழைய கார்ட் நண்பர் ரோஸ்பெர்க். 2020 அக்டோபர் 25 அன்று போர்ச்சுகலில் தம் 92ஆம் வெற்றியைப் பெற்று, ஷூமாக்கரின் சாதனையை ஹாமில்டன் கடந்தார். காரிலிருந்து இறங்கிய அவரை அணைத்துக்கொண்டவர்களில் அந்தோணியும் இருந்தார்.

தம் குடும்பத்தைப் போன்ற உழைக்கும் வர்க்கக் குடும்பம் இன்றைய செலவில் இந்தப் பாதையைத் தொடங்கவே முடியாது என்று ஹாமில்டன் பலமுறை கூறிவருகிறார். பந்தயத் துறையில் கறுப்பினத்தவர் ஏன் மிகக் குறைவு என்பதை ஆராய, இங்கிலாந்தின் ராயல் பொறியியல் கழகத்துடன் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தார். அதன் அறிக்கை 2021இல் வெளிவந்தது. ஓட்டுநர் இருக்கையைவிட, பொறியாளர், மெக்கானிக் பணிகளுக்கு வழி திறப்பதிலேயே அது அதிகக் கவனம் செலுத்தியது. அதே ஆண்டு மிஷன் 44 என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, 2 கோடி பவுண்டு வழங்கினார். கார்ட் நாள்களிலிருந்து அவர் வண்டியில் இருந்த எண்தான் 44.

1998இல் அரிதாக இருந்த இளம் ஓட்டுநர் ஒப்பந்தம் இன்று வழக்கமாகிவிட்டது. பெரிய அணிகள் எல்லாமே கார்ட் தடங்களில் ஆள் தேடுகின்றன. ஆனால் அணியின் கண்ணில் படும்வரை ஆகும் முதல் சில ஆண்டுச் செலவு அன்றும் இன்றும் பெற்றோருடையதே. 2025இல் ஹாமில்டன் ஃபெராரிக்குச் சென்றபோது, மெர்சிடஸில் அவர் இருக்கைக்கு வந்தவர் 18 வயது இத்தாலியரான ஆண்ட்ரியா கிமி அன்டோனெல்லி. மெர்சிடஸ் அவரைத் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்த்தபோது அவருக்கு வயது 12. அவருடைய தந்தை சொந்தமாகப் பந்தய அணி நடத்துபவர்.